கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்!

எங்கள் ஊர் செங்கல்பட்டு. ஆகாய விமானத்தில் நான் இதுவரை ஏறினதில்லை. ஆனால் சாயந்திரம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது, மீனம்பாக்கத்துக்குப் போய் வருகிற விமானங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். 'இத்தனை போகிறதே, ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாதா?' என்று மனசில் ஒரு பயம் வரும்.

என் அக்கா மகன் இந்த வேலையில்தான் இருக்கிறான். விமானம் ஓட்டுகிறவன் இல்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு வானத்துப் போக்குவரத்தை நடத்துகிற கண்ட்ரோலர். போன பொங்கலுக்கு வந்திருந்தான். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து எல்லோரும் மாமல்லபுரம் போனோம். கலங்கரை விளக்கத்தின் கீழே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போது என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"மோதிக்காம பார்த்துக்கத்தானே சித்தி நாங்க இருக்கோம்!" என்று சிரித்தான். "இந்த விளக்கு கப்பலுக்கு வழி காட்டுது. விளக்கு தப்பு பண்ணாது. நாங்க மனுஷங்க, தப்பு பண்ணுவோம். அதை ஒத்துக்கிட்டுத்தான் எங்க விதி எல்லாமே எழுதியிருக்கு."

இந்தப் பேச்சு எனக்குப் புதுசாக இருந்தது. மேலே கேட்டேன்.

இந்திய வானத்தை நான்கு பெரிய பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்களாம். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை. மாமல்லபுரத்துக் கடற்கரையிலிருந்து வங்காள விரிகுடாவில் வெகுதூரம் வரை சென்னையின் பொறுப்பு. விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர்கள் ஓடுபாதையையும் அதன் அக்கம்பக்கத்தையும் கவனிப்பார்கள். தூரத்தில் பறப்பவற்றை ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் வேறு சிலர் கவனிப்பார்கள். ஒரே வழியில் போகும் விமானங்களை மேலும் கீழுமாகக் குறைந்தது 1,000 அடி பிரித்து வைக்க வேண்டும். அல்லது பக்கவாட்டில் சில மைல் தள்ளி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் பெரும்பாலும் பேச்சிலேயே நடத்துகிறார்கள். கண்ட்ரோலர் ரேடியோவில் ஓர் உயரத்தைச் சொன்னால், விமானி "சரி" என்று சொன்னால் போதாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதை கண்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்டு, தப்பு இருந்தால் உடனே திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் 'நைன்' என்பதும் 'ஃபைவ்' என்பதும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால், ஒன்பதை 'நைனர்' என்று நீட்டிச் சொல்கிறார்கள். நம் தமிழில் டெலிபோனில் 'ஆறு' என்றால் 'நூறு' என்று கேட்கிறதில்லையா, அந்த மாதிரிதான்.

"இவ்வளவு கெடுபிடி எதுக்குப்பா?" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. தில்லி விபத்தைப் பற்றிச் சொன்னான்.

1996 நவம்பர் 12, மாலை நேரம். தில்லியிலிருந்து சவூதி விமானம் ஒன்று கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் நாட்டு ஜனங்கள் அதில் நிறையப் பேர். எதிரே கஜகஸ்தான் விமானம் ஒன்று தில்லிக்கு இறங்கி வந்தது. ஏறுகிற விமானத்துக்கு 14,000 அடி, இறங்குகிற விமானத்துக்கு 15,000 அடி என்று கண்ட்ரோலர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். எதிரே விமானம் வருகிறது என்றும் எச்சரித்தார். ஆனால் இறங்கிய விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே வந்துவிட்டது. ஹரியானாவில் சர்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நீதிபதி லகோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று முடிவாயிற்று. அந்த விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்கென்று தனியாக ஒருவர் இருந்தார். காதில் கேட்டவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். அவர்களுக்கு ஆங்கிலமும் சரளமாக வராது. தரையில் இருந்தவர்களுக்கும் வசதி போதவில்லை. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத் திரையில் காட்டும் ரேடார் அன்று தில்லியில் வேலைக்கு வந்திருக்கவில்லை. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழிதான் இருந்தது. பிறகு வழிகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். எதிரே விமானம் வந்தால் விமானிக்கே எச்சரிக்கை தரும் கருவி கட்டாயமாயிற்று. சர்வதேச விமானிகளும் கண்ட்ரோலர்களும் ஆங்கிலத்தில் போதுமான தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதியும் 2008-லிருந்து நடைமுறைக்கு வந்தது.

இதற்கு முன்பே, 1977 மார்ச் 27-ல், ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் ஒரே ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கடும் பனிமூட்டம். புறப்பட அனுமதி வராமலே ஒரு விமானி கிளம்பிவிட்டார். 'டேக் ஆஃபில் இருக்கிறோம்' என்று அந்த விமானத்திலிருந்து சொன்னதை, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் எடுத்துக்கொண்டார்கள். 'ஓகே' என்று சொல்லிவிட்டு, 'காத்திருங்கள்' என்றார்கள். அதே சமயம் இன்னொரு விமானமும் பேசியதால் இரைச்சலில் பிந்தைய வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. 'ஓகே' மட்டும் காதில் விழுந்தது. அதன் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதோ தவிர வேறெப்போதும் அந்த 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே உபயோகிக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

"ராத்திரி டியூட்டிதான் சித்தி கஷ்டம்" என்றான். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அந்த வானத்தைக் கவனித்த சூரிக் நிலையத்தில் இரண்டு கண்ட்ரோலர்கள் டியூட்டி. ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். மற்றவர் தனி ஆளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன் இணைப்பும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது.

இதைக் கேட்டதும் எனக்குச் சொரேல் என்றது. ராத்திரி, தனி ஆள், தூக்கக் கலக்கம், கையில் மற்றவர்கள் உயிர். இது எந்தத் தாய்க்குத் தெரியாது?

எட்டு வருஷத்துக்கு முன் நடந்ததை அவனிடம் சொன்னேன். என் சின்னவனுக்கு அப்போது இரண்டு வயசு. நல்ல காய்ச்சல். ராத்திரி எட்டு மணிக்கு மாமியார் காய்ச்சல் மருந்து கொடுத்திருக்கிறார். நான் அடுப்படியில் இருந்தேன், எனக்குத் தெரியாது. ஒன்பதரைக்கு நான் மறுபடி கொடுத்துவிட்டேன். பதினோரு மணிக்குக் குழந்தை துவண்டு கிடக்கிறானே என்று பார்க்கும்போதுதான், "நான் எட்டு மணிக்கே கொடுத்துட்டேனேம்மா" என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "டிராப்ஸா, சிரப்பா? எத்தனை மில்லி?" என்று டாக்டர் கேட்டார். பதட்டத்தில் எனக்குப் பதிலே வரவில்லை. விடியவிடிய கவனித்து, ஆபத்தில்லை என்று அனுப்பினார்கள். ஆனால் அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. மாமியாரும் நானும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் சொன்னான்: "உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல சித்தி. உங்க வீட்டுல பொறுப்பை மாத்திக் கொடுக்கிற முறை இல்ல. நாங்க ஷிப்ட் மாறும்போது சும்மா எழுந்து போயிட முடியாது. எந்த விமானம் எங்க இருக்கு, யாருக்கு என்ன சொல்லியிருக்கு, எது பாக்கின்னு ஒவ்வொண்ணா வர்றவருக்குச் சொல்லி ஒப்படைக்கணும். அவர் 'எடுத்துக்கிட்டேன்'னு சொன்ன பிறகுதான் நாங்க நாற்காலியை விடலாம்."

வீட்டுக்கு வந்ததும் சில வழக்கங்களை ஆரம்பித்தேன். சகோதரிகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

1. குழந்தைக்கு மருந்து கொடுத்ததும் யார், எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணி என்று காலண்டர் தாளில் எழுதி விடுங்கள். பாரசிட்டமால் மருந்துக்கு 4 முதல் 6 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் போங்கள்.

2. டிராப்ஸும் சிரப்பும் ஒன்றல்ல. டிராப்ஸ் ரொம்பக் கெட்டியான மருந்து. சிரப்புக்குச் சொன்ன அளவை டிராப்ஸில் கொடுத்தால் பல மடங்கு போய்விடும். சமையல் ஸ்பூனை உபயோகிக்காதீர்கள். மருந்தோடு வரும் அளவுக் குப்பியில் கொடுங்கள்.

3. டாக்டர் சொன்னதை "அஞ்சு மில்லி, மூணு வேளை, சாப்பிட்ட பிறகு, சரியா டாக்டர்?" என்று திருப்பிச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். விமானியே சொல்கிறார்!

4. குழந்தையை மற்றவரிடம் விட்டுப் போகும்போது சொல்லி ஒப்படையுங்கள். ராத்திரி விழிப்பை வீட்டுக்காரரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். 'நானே பார்த்துக்கிறேன்' என்பது பெருமையில்லை.

5. தப்பு நடந்தால் திட்டாதீர்கள். கண்ட்ரோலர்களும் விமானிகளும் தங்கள் தவறைத் தாங்களே எழுதிக் கொடுக்க வழி இருக்கிறதாம். பயந்து மறைத்தால் அதே தப்பு இன்னொருவரிடம் நடக்கும்.

இதைத்தான் எங்கள் வீட்டில் பழகவே நாள் பிடித்தது. போன வாரம் மாமியார் தம் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டுவிட்டார். முன்பென்றால் மறைத்திருப்பார். அன்று உடனே வந்து, "அம்மாடி, ரெண்டாவது தடவை போட்டுட்டேன் போலிருக்கு" என்றார். நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. டாக்டருக்கு போன் பண்ணினேன். அவர் சொன்னதை வரிவரியாகத் திருப்பிச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், நான் கேட்காமலே காலண்டர் தாளை எடுத்து நேரத்தை எழுதிக்கொண்டிருந்தார்.