ஐஸே இல்லாத ஊர்ல ஒரு உலக சாம்பியன்!

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல புகுந்து புறப்பட்டு, ஃபர்ஸ்ட் பீரியட் அட்டென்டன்ஸைப் பிடிக்கிற எண்ணூர், திருவொற்றியூர் பார்ட்டியா நீங்க? அப்போ உங்க பைக் மணிக்கு 42 கிலோமீட்டரைத் தொடுறதே அபூர்வம்தான். அந்த வேகத்துல ஒருத்தர் கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பறக்கிறார். பேரு ஆனந்த்குமார் வேல்குமார். நம்ம சென்னைப் பையன்!

2025 செப்டம்பர். சீனாவின் பெய்டைஹே நகரத்துல உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப். முதல்ல 500 மீட்டர் ஸ்பிரின்ட்டில் 43.072 விநாடியில வெண்கலம். அடுத்து 1000 மீட்டர்... 1 நிமிஷம் 24.924 விநாடி... தங்கம்! சீனியர் பிரிவுல இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம். அத்தோட விட்டாரா? அதே போட்டியில 42 கிலோமீட்டர் மாரத்தான்லயும் தங்கம். 100 மீட்டர்ல ஜெயிச்சவரே மாரத்தான்லயும் ஜெயிச்ச மாதிரி!

இதுல ஒரு சுவாரஸ்யம். ஒரு மாசம் முன்னாடி செங்டு உலக விளையாட்டுப் போட்டியில அதே 1000 மீட்டரை 1 நிமிஷம் 22.482 விநாடியில முடிச்சார். வேகம் அதிகம். ஆனா கிடைச்சது வெண்கலம்! எப்படி?

ஐஸ் ஸ்கேட்டிங்ல 500 மீட்டர்னா ரெண்டு ரெண்டு பேரா, தனித்தனி லேன்ல ஓடுவாங்க. அங்கே கடிகாரம்தான் எதிரி. 2010, 2014 ஒலிம்பிக்ல அடுத்தடுத்து 500 மீட்டர் தங்கம் தட்டின கொரியாவின் லீ சாங்-ஹ்வா ஜெயிச்சது அப்படித்தான். ஆனந்த்குமாரோட 1000 மீட்டர் வேற ரகம். எல்லாரும் ஒரே கும்பலா கிளம்பணும். எப்போ ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு காத்தைத் தவிர்க்கணும், எப்போ வெளியே பாயணும்... இந்தக் கணக்குதான் மேட்டர். டைமிங் ரெண்டாம்பட்சம், முதல்ல கோட்டைத் தொடுறவர்தான் ராஜா.

அந்தக் கோட்டைப் பத்தி கொரியாக்காரங்ககிட்ட கேளுங்க! 2023 அக்டோபர் 2, ஹாங்சோ ஆசியப் போட்டி, 3000 மீட்டர் ரிலே. முன்னாடி வந்த கொரியாவின் ஜங் சோல்-வோன், ஜெயிச்சாச்சுனு ரெண்டு கையையும் தூக்கினார். பின்னாடியே வந்த தைவான் வீரர் ஹுவாங் யு-லின், கையைத் தூக்கலை, காலை நீட்டினார். 0.01 விநாடியில தங்கம் தைவானுக்கு! தூரக் கணக்குல அரை சாண். கொரியாவுல ஆசியத் தங்கம் ஜெயிச்சா கட்டாய ராணுவ சேவையில விலக்கு உண்டு. அந்த அரை சாண்ல அதுவும் போச்சு. அதே ரேஸ்ல வெண்கலம் வாங்கினது யாரு? ஆனந்த்குமார் இருந்த நம்ம இந்திய டீம்!

இது ஒரே நாள்ல நடந்த மேஜிக் இல்லை பாஸ். 2021-ல கொலம்பியாவுல ஜூனியர் உலகப் போட்டி, 15 கிலோமீட்டர் எலிமினேஷன்ல வெள்ளி. கடைசியா வர்றவங்களை நடுநடுவே கழட்டிவிடுற ரேஸ் அது. அங்கேயிருந்து உலகத் தங்கத்துக்கு நாலு வருஷம்.

ஒரே ஒரு வருத்தம்... சக்கர ஸ்கேட்டிங் ஒலிம்பிக்ல கிடையாது. 2024-ல அமெரிக்காவுல மூணு தங்கம் அள்ளின நம்ம வடசென்னை காசிமாவின் கேரமும் கிடையாது. ஒலிம்பிக் வேணும்னா ஐஸுக்கு மாறணும். அமெரிக்காவின் எரின் ஜாக்சன் சக்கரத்துலேர்ந்து ஐஸுக்குப் போய், 2022-ல 500 மீட்டர் தங்கமே ஜெயிச்சார். ஆனா சென்னையில ஐஸ், ஜூஸ் கடையிலதானே இருக்கு!

ஒலிம்பிக்ல இல்லாத விளையாட்டுன்னா ஸ்பான்ஸரும் கூட்டமும் கம்மிதான். தெரிஞ்சேதான் ஆனந்த்குமார் அதுல இத்தனை வருஷத்தைப் போட்டார். உங்க காலேஜ்லயும் கைதட்ட ஆளில்லாம பிராக்டிஸ் பண்ற ஒருத்தர் இருப்பார். அடுத்த மேட்ச்சுக்கு நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.

அந்த ஒருத்தர் நீங்கதானா? கோட்டைத் தாண்டுற வரைக்கும் கையைத் தூக்காதீங்க, காலை நீட்டுங்க!