உஷார்! கோல் வீடியோவைப் பார்த்து டிஃபெண்டரை எடுக்காதீர்கள்

முப்பதைத் தாண்டியவர், தொடைத் தசை ஏற்கெனவே ஒருமுறை கிழிந்தவர், ஆனால் பெரிய பெயர். இப்படி ஒரு ஹாக்கி டிஃபெண்டரை "அனுபவசாலி சார், பெனால்டி கார்னர் அடிச்சா கோல்தான்" என்று சொல்லி உங்கள் அணிக்குள் தள்ளப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் நில்லுங்கள்! நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்து வெளியே வரும் இளம் பயிற்சியாளர்களுக்கே இதை முதலில் சொல்கிறேன். நாளை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் அணியோடு நிற்கப்போவது நீங்கள்தான்.

ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவைக் கொடுத்து சாம்சனை வாங்கிய 2025 நவம்பரிலிருந்து சென்னையில் எல்லோரும் வீரர்களுக்கு விலை போடுகிறோம். அந்தக் கணக்கை ஹாக்கிக்குக் கொண்டுவராதீர்கள். கிரிக்கெட்டில் காலில் வலி உள்ளவரை ஸ்லிப்பில் நிறுத்திச் சமாளிக்கலாம். ஹாக்கியில் டிஃபெண்டரை மறைத்துவைக்க இடமே கிடையாது. எதிரணியின் வேகமான ஆள் அவர் பக்கமாகவே பந்தைக் கொண்டுவருவான்.

கோல் எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இந்திய டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸைப் பாருங்கள். 2024 அக்டோபர் ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஒவ்வோர் ஆண்கள் அணியிடமும் இருந்தது 4 கோடி ரூபாய். அதில் 48 லட்சத்தை 31 வயதான அவருக்காகத் தமிழ்நாடு டிராகன்ஸ் கொடுத்தது. அவருடைய பெரிய பலம், எதிரணியின் பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து, சீறி வரும் பந்தின் எதிரே நிற்பது. அந்த வேலை ஸ்கோர்போர்டில் ஏறாது. பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கியதால் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் இல்லை. அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் பெயாட் பெனால்டி கார்னரில் கோல் போட்டார். இந்தியா 2-3 என்று தோற்றது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் இல்லாத ஆட்டத்தில்தான் அவருடைய மதிப்பு பலருக்குப் புரிந்தது.

அந்தப் பாய்ச்சலுக்கு வேண்டியது முதல் சில அடிகளின் வேகம். வயதும் காயமும் முதலில் பறிப்பது அதைத்தான். தொடையின் பின்தசை மறுபடி கிழியுமா என்று கணிக்க, முன்பு கிழிந்திருக்கிறதா என்பதே மிகப்பெரிய அறிகுறி. டிராக் ஃப்ளிக் அடிப்பவர் என்றால் இடுப்பும் முதுகும் சேர்ந்து தேய்ந்திருக்கலாம். நின்ற இடத்தில் பத்து ஃப்ளிக் அடித்துக் காட்டுவதை நம்பவே நம்பாதீர்கள்! திரும்பி ஓடச் சொல்லுங்கள். மூச்சு வாங்க விடாமல் மறுபடி ஓடவிடுங்கள். மறுநாள் காலையில் வரச்சொல்லி இன்னொரு முறை பாருங்கள். ஊசி போட்டு வலியை அமுக்கிக்கொண்டு வந்தவர் பெரும்பாலும் இரண்டாம் நாளில் தெரிந்துவிடுவார். ஸ்கேன் அறிக்கையை உங்கள் பிசியோ கையில் வாங்கிப் படிக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வது அறிக்கை ஆகாது.

இதைப் படித்துவிட்டு வயதானவர்களை எல்லாம் ஒதுக்கினால் அதுவும் ஆபத்து. இந்திய டிஃபெண்டர் ரூபிந்தர் பால் சிங்குக்கு 2017-ல் தொடைத் தசைக் காயம். 2021-ல் சர்வதேச ஹாக்கியிலிருந்து ஓய்வு. 2022 ஆசியக் கோப்பைக்குக் கேப்டனாகத் திரும்பி வந்தவர், மணிக்கட்டுக் காயத்தால் ஆடாமலே விலகினார். இந்த வரலாற்றை மட்டும் பார்த்தவர் அவரை எடுத்திருக்கமாட்டார். 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் ஹைதராபாத் தூஃபான்ஸை 4-3 என வென்று பெங்கால் டைகர்ஸ் ஹாக்கி இந்தியா லீக் கோப்பையைத் தூக்கியபோது அதன் கேப்டன் அவர்தான், 34 வயதில். பின்வரிசையை நடத்தத் தெரிந்தவருக்கு எத்தனை நிமிடம், எந்த வேலை என்று அளந்து கொடுத்தால் பலன் உண்டு. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாமே!

பணத்திலும் கவனம். முழுத்தொகையையும் முன்கூட்டியே பேசிவிட்டால், காயத்தோடு வீரரை இறக்கியே தீர வேண்டும் என்ற அழுத்தம் உங்களுக்கு வரும்; அவரும் மறுக்கமாட்டார், அடுத்த வருட வாய்ப்பு அவருக்கு முக்கியம். அப்படி ஆடித்தான் கால் ஒரேயடியாகப் போகிறது. ஒரு பகுதியை நிலையாகவும் மீதியை ஆடிய ஆட்டத்துக்கு ஏற்பவும் எழுதுங்கள். காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.