கால் சுற்று

தேவாரத்து டீக்கடை பெஞ்சு. பக்கத்தில் இருந்தவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். கைக்குழந்தையில் எலும்பில் சீழ் பிடித்து, எலும்பு வளரும் இடமே கெட்டுப்போனதால், பதினேழு வயது மகளுக்கு இடது கால் ஐந்து சென்டிமீட்டர் குட்டை. "ஆபரேசன் பண்ணி இழுத்து நீட்டுவாங்களாமே, நெசமா?" என்றார்.

நெசந்தான் அண்ணே. ஆனால் ஆபரேஷன் அன்றைக்கு யாரும் காலை இழுப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பைக் குறுக்கே வெட்டி, காலைச் சுற்றி வளையம் மாட்டி, மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் ஊடுருவவிட்டு, சைக்கிள் சக்கரத்துக் கம்பிபோல விறைப்பாகக் கட்டுவார்கள். ஒரு வாரம் போல சும்மா விடுவார்கள். வெட்டின இடத்தில் உடம்பு தானாக இளம் எலும்பு கட்டத் தொடங்கும். வேலையே அதற்கப்புறம்தான். வளையங்களைச் சேர்க்கும் தண்டில் நட்டு இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதையும் காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என்று கால் கால் சுற்றாகச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் நடுவில் எலும்பு ஊறாது, நரம்பும் தாங்காது. குறைந்தால் முந்திக்கொண்டு ஒட்டிவிடும்.

இந்தக் கணக்கைத் தந்தவர் கவ்ரீல் இலிசாரோவ், சைபீரியாவின் குர்கான் நகரத்து மருத்துவர். 1950களில் எலும்பை நெருக்கிச் சேர்க்கத்தான் வளையம் மாட்டினார். நோயாளி ஒருவர் நட்டை எதிர்ப்பக்கம் சுற்றிவிட, பிரிந்த இடத்தில் புது எலும்பு தெரிந்தது என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புருமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, 1968இல் இவரிடம் வந்து தேறி மறுபடியும் தாண்டினார்.

என் அக்கா மகனுக்கு நட்டுச் சுற்றியவன் நான், அதனால் சொல்கிறேன். ஐந்து சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள் சுற்று. அத்தோடு வளையம் கழலாது. நீளும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று, புது எலும்பு இறுகும்வரை காலிலேயே கிடக்கும். கம்பி நுழையும் துளைகளைத் தினமும் துடைக்க வேண்டும். சிவந்து சீழ் கட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எலும்பு நீளும் அளவுக்குக் கெண்டைச்சதை இணங்காது, குதிகால் தூக்கிக்கொள்ளும். பிள்ளை அழுதாலும் பிசியோதெரபியை விடக் கூடாது. இரண்டு சென்டிமீட்டர்க் குறை என்றால் செருப்பில் அட்டை வைத்தே சமாளிக்கலாம் என்பேன்.

விடியுமுன் நீங்கள் ஜீப் எடுக்கிறீர்கள், மதினியும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். மதியச் சுற்றுக்கு யார் இருப்பார்கள்? டாக்டரைப் பார்க்குமுன் இதைப் பேசி முடியுங்கள். பாப்பாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள் அண்ணே, கால் அவளுடையது.

டீ ஆறிவிட்டிருந்தது. வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "எத்தனாம் நம்பர் ஸ்பானர் தம்பி?"

"பத்து."