மன்னிக்கப் பழகும் மனம்

கிறிஸ்தவ நண்பர்கள் பேசும்போது 'மனந்திரும்புதல்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். மதம் மாறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கலாம். உண்மையில், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள 'மெட்டநோயா' என்ற சொல்லுக்கு அமைந்த தமிழ் அது. மனமே வேறாகிவிடுவது என்று அதற்குப் பொருள். பிறப்பிலேயே கிறிஸ்தவராக இருப்பவருக்கும் அது தேவை. ஒரே நாளில் முடிந்துவிடுவதும் அல்ல. தியானம், அன்பு, மன்னிப்பு ஆகிய மூன்றும் அதற்கான வழிகள். மூன்றும் தனித்தனியானவை அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது.

தியானம்

தியானம் என்றதும் நமக்கு யோகிகளும் இமயமலையும் நினைவுக்கு வரும். கிறிஸ்தவத்திலும் அதற்கு நீண்ட மரபு உண்டு. நான்காம் நூற்றாண்டிலேயே எகிப்தின் பாலைவனங்களில் வாழ்ந்த துறவிகள் ஒரு சிறு வேண்டுதலைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லி அமர்ந்திருந்தார்கள். அவர்களிடம் கற்ற ஜான் காசியன் அந்த முறையை எழுதி வைத்தார்.

1950-களில் மலாயாவில் பணியாற்றிய ஜான் மெயின் என்பவர், கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தாவிடம் மந்திர தியானம் பயின்றார். பின்னாளில் பெனடிக்ட் சபைத் துறவியான அவர், காசியனின் எழுத்தில் அதே முறையைக் கண்டு வியந்தார். 1975-இல் லண்டனில் தியானக் குழு ஒன்றைத் தொடங்கினார். காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்து, 'மாரநாதா' என்ற சொல்லை உள்ளுக்குள் சொல்ல வேண்டும். 'ஆண்டவரே வாரும்' என்பது அந்த அரமேயச் சொல்லின் பொருள். நம் காவிரிக் கரையில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், 1950-இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் நிறுவிய சாந்திவனமும் இத்தகைய தியானத்துக்குப் பெயர் பெற்றது.

அமர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கண்ணை மூடியவுடன் கடவுள் வருவதில்லை. பழைய மனக்குறைதான் வருகிறது. அவர் அன்று அப்படிச் சொன்னாரே, இவர் இப்படிச் செய்துவிட்டாரே என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கும். அதனுடன் மல்லுக்கு நிற்காமல், விட்ட சொல்லுக்கே திரும்பி வருவதுதான் பயிற்சி. நாள்பட நாள்பட, கோபம் நமக்குள் இருந்தாலும் நாமே கோபம் அல்ல என்பது விளங்கும். அந்தச் சிறு இடைவெளியில்தான் மன்னிப்பு முளைக்கிறது.

அன்பு

பகைவரை நேசிக்கச் சொல்கிறது நற்செய்தி. தீங்கு செய்தவரிடம் பாசம் எப்படி வரும்? வராது. பாசத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. அங்கே 'அகாப்பே' என்ற சொல் குறிப்பது, மற்றவருடைய நன்மையை மனமார விரும்பி அதன்படி நடப்பதை. இது உணர்ச்சியைவிடத் தீர்மானத்தைச் சார்ந்தது. அதனால்தான் அதைக் கட்டளையாகச் சொல்ல முடிகிறது.

மன்னிப்பு

எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, ஏழு முறை போதாது, எழுபது மடங்கு ஏழு முறை என்று பொருள்படப் பதில் சொன்னார் இயேசு. அத்தனை முறை தவறு செய்வார்கள் என்பது மட்டும் காரணமல்ல. ஒரே காயம் பலமுறை நினைவுக்கு வரும். வரும்போதெல்லாம் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கும்.

மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். கேரளத்தில் பிறந்த கன்னியாஸ்திரி ராணி மரியா, உதயநகர்ப் பகுதி ஏழைகள் கந்துவட்டிக்காரர்களிடமிருந்து விடுபட உழைத்தவர். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் பேருந்தில் செல்லும் வழியில், சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் குத்திக் கொன்றார். சிறையில் இருந்த சமந்தர் சிங்கின் மனத்தில், தன்னை ஏவிவிட்டவர்கள்மீது வஞ்சம் வளர்ந்துகொண்டிருந்தது. சுவாமி சதானந்த் என்ற குரு அவரைச் சென்று பார்த்துப் பேசி வந்தார். 2002 ஆகஸ்டில், ரக்ஷா பந்தன் சமயத்தில், ராணி மரியாவின் தங்கையும் கன்னியாஸ்திரியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று அவர் கையில் ராக்கி கட்டினார். அக்காவைக் கொன்ற கை அது. நம் வீடுகளில் ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில் வடக்கே ராக்கி கட்டுவதை ஆண்டுதோறும் பார்க்கும் நமக்கு, அந்த நூலின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பமே விடுதலை கோரியது. 2006-இல் வெளியே வந்த சமந்தர் சிங், பிறகு கேரளத்துக்குச் சென்று அந்தப் பெற்றோரிடம் மன்னிப்பு வேண்டினார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

நீதி என்னாவது?

மன்னித்துவிட்டால் குற்றவாளிக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்கலாம். ஒரிசாவின் மனோகர்பூரில் 1999 ஜனவரியில், தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு சிறு மகன்களும் ஜீப்போடு எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். ஆனால் சட்டத்தின் வழியை அவர் மறிக்கவில்லை. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு என்பதே அவர் நிலை. வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. அவரோ உடனே நாடு திரும்பாமல், 2004 வரை பாரிபதாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆகவே மன்னிப்பது என்பது அடிவாங்கிக்கொண்டே இருப்பதல்ல. வீட்டில் கைநீட்டும் ஒருவரிடமிருந்து விலகி, பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் அவரை மன்னிக்கலாம். விட்டுவிடுவது வஞ்சத்தைத்தான், நியாயத்தை அல்ல.

நம் வீட்டில்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம் பெட்டி படுக்கையோடு சில வருத்தங்களையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். பாகப்பிரிவினையில் வந்த மனத்தாங்கல், கல்யாணத்தில் சரியாக அழைக்கவில்லை என்ற கோபம், அண்ணன் தம்பிக்குள் நின்றுபோன பேச்சு. தூரம் இவற்றை ஆற்றுவதில்லை. அப்படியே பாதுகாத்து வைக்கிறது. நம் பிள்ளைகளோ, சித்தப்பா ஒருவர் இருப்பதே தெரியாமல் வளர்கிறார்கள்.

எந்தச் சமயத்தவரும் இதைச் செய்து பார்க்கலாம். தினமும் சிறிது நேரம் மௌனமாக அமருங்கள். அவரவர் வணங்கும் தெய்வத்தின் பெயரே போதும். மனம் அடங்கியபின், வருத்தம் தந்தவரின் பெயரைச் சொல்லி அவருக்கு நன்மை வேண்டுங்கள். முதல் நாள் நாக்கு எழாது, பரவாயில்லை. பிறகு ஒரு நாள், அவர் வீட்டுப் பிள்ளையின் பரீட்சை பற்றி விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்பு. பழைய கதையைத் தொடவே வேண்டாம். எதிர்முனையில் என்ன பதில் வந்தாலும், நம் மனத்தின் சுமையில் ஒரு பங்கு அன்று குறைந்திருக்கும்.