மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?

“பம்பிங் 28-ல இருந்து 50-க்கு வந்திருச்சுங்க. இனி மாத்திரைய நிறுத்திக்கலாமுங்களா?”

திருப்பூர் காதர்பேட்டை டீக்கடை பெஞ்சில் எக்கோ ரிப்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டவர் ஒரு கட்டிங் மாஸ்டர். “கூடாதுங்க மாஸ்டர்” என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் கூடாது என்று சொல்லத்தான் நேரம் பிடித்தது. அவர் கேட்டதோடு கேட்காததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பம்பிங் என்பது ஒரு பங்குக் கணக்கு. இதயத்தின் இடது கீழறை, தனக்குள் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பது. நல்ல இதயமே முழுதாகக் காலி செய்யாது. 55 முதல் 70 வரைதான். ஆகவே 60 என்று பார்த்துவிட்டு ‘நூத்துக்கு அறுபதுதானா’ என்று யாரும் கலங்க வேண்டாம். 28 என்றால்தான் கவலை.

மாஸ்டருக்கு வந்திருப்பதை டாக்டர்கள் கார்டியோமையோபதி என்பார்கள். இதயத் தசையிலேயே வரும் நோய். ரத்தக் குழாய் அடைப்பு வேறு, இது வேறு. இவருடையது அறை விரிந்துபோன வகை. கழுத்து ரிப் தளர்ந்துபோன பனியனை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்காதே, அப்படி. தசை தடித்துப்போகும் இன்னொரு வகையும் உண்டு. அதில் பம்பிங் எண் நன்றாகவே இருக்கும், நோயும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடையக் கூடாது என்பது அதனால்தான்.

காரணங்கள் பல. வருஷக்கணக்கில் குடித்தது, வைரஸ் காய்ச்சல், தைராய்டு, ஓயாமல் வேகமாகவே அடித்துக்கொண்டிருந்த துடிப்பு. பிரசவத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து அடுத்த ஐந்து மாதத்துக்குள் சில பெண்களுக்கு இது வரும். கால் வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். தள்ளாதீர்கள்.

பரம்பரையும் உண்டு. 2009-இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் செய்தது. கட்டுரையில் முதல் பெயர் பெருந்துறை எஸ். தண்டபாணி. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லை; வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான். மாஸ்டரிடம் நான் சொன்னது, “உங்க தம்பிக்கும் பசங்களுக்கும் ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்துப் பாத்துருங்க.”

அடுத்தது படபடப்பு. தசை விரிந்தும் தழும்பேறியும் போனால், அதற்குள் ஓடும் மின்சாரமும் வழி மாறும். நடுவில் ஒரு துடிப்பு விட்டதுபோலத் தோன்றுவது பலருக்கும் வருவதுதான். ஆனால் தசை நோய் உள்ளவர் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மேலறைகள் தாறுமாறாகத் துடித்தால் உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருவது இதற்காக. கீழறையில் தாளம் கெட்டால் உயிருக்கே ஆபத்து. மெஷினில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சாய்ந்தால் இங்கே சோடா கொடுத்து, ‘பித்த மயக்கம், காலைல சாப்பிடலை’ என்று முடித்துவிடுகிறோம். இதய நோயாளிக்கு மயக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முழு அளவு மருந்து மூன்று மாதம் சாப்பிட்டும் பம்பிங் 35-ஐத் தாண்டாதவர்களுக்கு, தோள்பட்டைக்குக் கீழே ஐசிடி கருவி வைப்பதைப் பற்றி டாக்டர் பேசுவார். தாளம் கெட்டால் அது உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். வைத்தவர்கள் செல்போனை அந்தப் பக்கச் சட்டைப்பையில் போடக் கூடாது.

துடிப்பைப் பதிவுசெய்யும் 24 மணி நேர ஹோல்டர் பெட்டியை மாட்டிவிட்டால் பலர் லீவு போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். மாட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள், படி ஏறுங்கள். வேலை செய்யும்போது இதயம் என்ன செய்கிறது என்று பிடிக்கத்தானே அந்தப் பெட்டி?

சாப்பாட்டில் உப்பு, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். டாக்டர் இன்னும் குறைக்கச் சொல்லியிருந்தால் அது. ஊறுகாய், கருவாடு, பேக்கரி பப்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். தண்ணீர் இவ்வளவுதான் என்று அளவு சொல்லியிருந்தால் கடை டீயும் அதில் சேர்த்தி. காலையில் எழுந்து பாத்ரூம் போய்வந்ததும் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

இளநீர் விஷயம்தான் நம் பக்கத்தில் சிக்கல். உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு குடிப்பவர் உண்டு. அதில் பொட்டாசியம் அதிகம். ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், லேசிக்ஸ் இறக்கும். ஏறினாலும் இறங்கினாலும் துடிப்பு கெடும். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்ன பிறகு குடியுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள். முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கை மறந்தே விடுங்கள். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், கிட்னியையும் கெடுக்கும்.

இனி மாஸ்டரின் கேள்வி. அவரைப் போலவே பம்பிங் தேறி, தொந்தரவு எதுவும் இல்லாதிருந்த 51 பேரை லண்டனில் ஆய்வு செய்தார்கள். 2019-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. 25 பேருக்கு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. அதே ஆறு மாதம் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. மாஸ்டரின் 50 என்பது, மாத்திரை தாங்கிப் பிடித்திருக்கும் 50. நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் வேலை.

ஆனால் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் விவரம் தெரியாமல் நிறுத்துவதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பையில் எடுத்து வைக்க மறந்து, அப்படியே பத்து நாள் விட்டுப்போகும். அதைவிட அதிகம், சம்பளம் போய்விடுமே என்ற பயம். ஓ.பி.யில் காத்துக்கிடந்தால் அன்றைய ஷிப்ட் போச்சு. சனிக்கிழமை சம்பளக் கவரில் அது தெரியும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இஎஸ்ஐ உண்டு, மாத்திரையும் அதில் கிடைக்கும். கார்டு இருந்தும் போக நேரமில்லாதவர்களே இங்கே அதிகம். கம்பெனி முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இதய மாத்திரை சாப்பிடுகிறவரை ஒன்றரை ஷிப்டுக்கு வற்புறுத்தாதீர்கள். மாதம் ஒரு அரை நாள், சம்பளத்தைப் பிடிக்காமல், அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.