கேரளப் பள்ளிகளின் கணினி அறை: அன்றும் இன்றும்

விண்வெளி அறிவியலாளர் யு.ஆர்.ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, 2001-இல் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. அன்றைய அரசுப் பள்ளியில் கணினி இருந்தால் அது ஒரே ஓர் அறையில் இருக்கும். அந்த அறையும் பெரும்பாலான நேரம் பூட்டியே கிடக்கும். திறந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஒரு திரைக்கு நான்கு பிள்ளைகள், மவுஸ் ஒருவர் கையில். இன்று அதே மாநிலத்தில் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் கணினியைத் தனி அறையிலிருந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு முடிவு இருக்கிறது. தொடக்கத்தில் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் விண்டோஸை ஒட்டியே அமைந்தன. ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அதை எதிர்த்தார்கள். ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பிள்ளைகளின் பாடமாக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. பணக் கணக்கும் அவர்கள் பக்கமே நின்றது. இயங்குதளத்துக்கும் அலுவல் மென்பொருளுக்கும் உரிமக் கட்டணம் செலுத்தினால், அதுவே கணினி விலையில் பெரும்பங்கு ஆகிவிடும். அரசு குனு/லினக்ஸுக்கு மாறியது. 2008-க்குள் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்களின் ஐ.டி. தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடக்கும் நிலை வந்தது. பத்தாண்டு கழித்து, இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் இருப்பதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று திட்டத்தை நடத்துவோர் கணக்குச் சொன்னார்கள். அந்தத் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த மாற்றம் பள்ளி ஆசிரியர்களை என்னவாக ஆக்கியது என்பதுதான்.

அன்று வலையமைப்பு என்றால் உடலுழைப்பு. சுவரோரம் கேபிளை இழுத்து, அளந்து வெட்டி, மேலுறையைச் சீவ வேண்டும். உள்ளே எட்டுக் கம்பிகள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் அவற்றை நிறுத்தி, கனெக்டருக்குள் செருகி, கிரிம்பிங் கருவியால் ஓர் அழுத்து. வரிசையில் ஒரு கம்பி தவறினாலும் சுவிட்சில் பச்சை விளக்கு எரியாமல் போகலாம். வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கணிதமோ இயற்பியலோ நடத்திவந்த மாஷும் டீச்சரும் பள்ளியின் ஐ.டி. ஒருங்கிணைப்பாளராகி இந்த வேலையைக் கற்றார்கள். டெபியனை அடிப்படையாகக் கொண்டு திட்டமே உருவாக்கிய இயங்குதளம் குறுந்தகட்டில் வரும்; அதை ஒவ்வொரு கணினியிலும் நிறுவுவதும் அவர்கள் வேலை. பழுதான கணினிகளைத் திறந்து சரிசெய்ய ஹார்டுவேர் கிளினிக் முகாம்கள் நடந்தன. பிள்ளைகளும் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்தார்கள்.

அக்காலத்தில் சிக்கன வலையமைப்புக்கு உலகெங்கும் ஒரு வழி பேசப்பட்டது. அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் 1999-இல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. திட்டம் அது. நல்ல கணினி ஒன்று சர்வராக நிற்கும். வன்தட்டே இல்லாத பழைய கணினிகள் கேபிள் வழியாக அதிலிருந்தே உயிர்பெறும். 64 எம்.பி. நினைவகம் கொண்ட, அலுவலகங்கள் கழித்துப்போட்ட பெட்டியும் வகுப்புக்கு உதவியது. 2001-இல் நார்வேயில் தொடங்கிய ஸ்கோலேலினக்ஸ் இந்த முறையைத் தன் அமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. பணக்கார நாடும் பழைய கணினியைத் தூக்கி எறியத் தயங்கிய காலம் அது.

இன்றைய கணக்கு வேறு. கேரளத்தில் 2017-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. அது 2024-இல் வெளியிட்ட கைட் குனு லினக்ஸ் 22.04 உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அதிலுள்ள ஜியோஜீப்ரா, ஜிகாம்பிரி, லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்கள் முன்னைவிட எத்தனையோ மடங்கு செழுமை பெற்றிருக்கின்றன. ஆனால் அந்த உபுண்டு சீராக ஓட 4 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்கிறார்கள் அதை உருவாக்கியவர்கள். கட்டற்ற மென்பொருளும் கனத்துவிட்டது. பழைய பெட்டிக்கு மறுவாழ்வு கொடுப்பதே அதன் பெருமையாக இருந்ததை நினைத்தால், இது சின்ன இழப்பல்ல.

இணையமும் அப்படித்தான். அன்று மோடம் கிறீச்சிட்டு இணையும், 56 கே.பி.பி.எஸ். என்பதே உச்சம். 2022-இல் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் வேகத்தை 8 எம்.பி.பி.எஸ்.ஸிலிருந்து 100 ஆக உயர்த்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. கைட்டின் ‘சமக்ர’ இணையதளத்தைத் திறந்தால் எல்லா வகுப்புப் பாடநூல்களும் கிடைக்கும். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடநூல் தமிழிலேயே உண்டு. அன்று இணையம் அறுந்தாலும் பாடம் அறைக் கணினியிலேயே இருந்தது. இன்று பாடம் வெளியே எங்கோ இருக்கிறது; பள்ளி அதைப் பெற்றுக்கொள்கிறது.

அந்த வலை பள்ளிச் சுவரோடு நின்றுவிடுகிறது என்பதை 2020 காட்டியது. கொரோனாவால் பள்ளிகள் மூடியதும், ஜூன் 1 முதல் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி வழியாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத்தான் அரசு நடத்தியது. எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் இணையம் இல்லை. சில வீடுகளில் தொலைக்காட்சியும் இல்லை. 2023-இல் தொடங்கிய அரசின் கே-ஃபோன் இணையத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற வாக்குறுதியோடு அந்த இடைவெளிக்குள் நுழைந்திருக்கிறது.

கைத்தொழில் முழுதாகப் போய்விடவில்லை. 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ குழுக்களில் எட்டு முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக் கருவிகளைப் பராமரிக்கக் கற்கிறார்கள். 2022-இல் ஆர்டுவினோ பலகை வைத்த ரோபோட்டிக் தொகுப்புகள் பள்ளிகளுக்கு வந்தன. 2025 முதல் பத்தாம் வகுப்பில் ரோபோட்டிக்ஸ் எல்லோருக்கும் பாடம். ஆர்டுவினோ பலகையின் வரைபடமும், கட்டற்ற மென்பொருளைப் போலவே, எவரும் பார்க்கக்கூடியது. ஆனால் வலையமைப்பு சுவருக்குள்ளும் வைஃபைக்குள்ளும் மறைந்துவிட்டது. பழுதானால் ஒப்பந்ததாரரிடம் புகார் பதிவாகிறது. முதலில் வந்த ஹைடெக் மடிக்கணினிகளுக்குத் தந்த ஐந்தாண்டு உத்தரவாதமும் தீர்ந்துவிட்டது. இனி அவற்றைத் திறந்து பார்க்கும் வேலை மறுபடியும் பள்ளிக்கே வரக்கூடும். முதல் தலைமுறை ஒருங்கிணைப்பாளர்கள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள்; ஹார்டுவேர் கிளினிக்கை மறுபடி நடத்துவதென்றால், மிச்சமிருப்பவர்கள் பணியில் இருக்கும்போதே நடத்த வேண்டும்.