அஞ்சலட்டையில் வந்த ஆராய்ச்சி

சங்க நூலான மலைபடுகடாம் போற்றும் மன்னன் நன்னனின் செங்கண்மா, இன்று செங்கம் என்ற பெயரோடு, ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் கரையில் விளங்குகிறது. இவ்வூர் பழைய வட ஆற்காடு ஜில்லாவில் அடங்கியிருந்த 1980களில், அந்த ஜில்லாவில் 'நதி' என்றொரு முறை தோன்றியது. வட ஆற்காடு ஜில்லா சுகாதாரத் தகவல் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவ்வாறு அழகாக அமைந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று வகுத்த அம்முறையில், சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் வைத்தியராயினும், தட்டம்மை, மூளைக்காய்ச்சல், இளம்பிள்ளைவாதம் போன்ற வியாதியொன்றைக் கண்டதும் அஞ்சலட்டையில் குறித்துத் தபாலில் சேர்ப்பர். அட்டைகள் ஒருங்கு சேருமிடத்தில், எந்தப் பகுதியில் எந்நோய் பெருகுகிறதென்பது புலனாகி, சுகாதார அதிகாரிக்குச் செய்தி போகும். மாதந்தோறும் வெளியான செய்தி மடல், அட்டை எழுதியவர் கைக்கே திரும்பி வரும்.

எழுதியவருக்குப் பதில் கிடைத்ததையே இதன் தலையாய நுட்பமாக நான் மதிக்கிறேன். பதில் வராத படிவத்தை எவரும் நெடுநாள் சிரத்தையோடு நிரப்புவதில்லை.

இத்தகைய பணிக்குச் சட்டம் இட்ட அஸ்திவாரமோ 'நதி' முறையினும் பழையது. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றில் ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பொறுப்பை விதித்தது. பொறுப்பு உள்ள இடத்தில் ஆராயும் ஆற்றலும் வேண்டாமா? ஜவ்வாது மலையின் ஊராட்சி ஒன்றியத்தில், ஊற்று நீரைச் சோதிக்கவும், காய்ச்சல் கணக்கை மாதவாரியாக ஒப்பிடவும் பயின்ற ஒருவர் இருப்பாராயின், மழைக்குப் பின் எந்தக் குக்கிராமத்தில் பேதி முதலில் தோன்றியது, அவ்வூரார் எந்தச் சுனையில் நீர் மொண்டார்கள் என்பதை அவர் அன்றைக்கே கேட்டு எழுதிவிடலாம்.